எண்பத்தேழாவது குச்சி

பெதாரா-யாகா,
1999 செப்டம்பர் 9

அக்காவுக்கு,

உன் ஆபீஸுக்கான இந்த வருடத்து அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். நூற்று இருபத்தொரு குச்சி, நூற்று இருபத்தொரு எண். நீ இங்கே அளவெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டே நாளில் முடித்துவிடுவாய் என்று ஊரில் இன்னும் பெருமை பேசுகிறார்கள். எனக்கு நான்கு நாள் பிடித்தது. மேட்டில் குச்சி நட்ட இடத்தில் எல்லாம் கம்பியைச் செருகி, அடியில் பனி தட்டும் வரை அழுத்தி, எவ்வளவு ஆழம் உருகியிருக்கிறது என்று எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்களை என் பின்னால் ஒரு நாள் நடக்கவிட வேண்டும். முழங்கால் வரைக்கும் சேறு. பூச்சிகள் மூக்குக்குள் குடித்தனம் வந்துவிட்டன.

ஒரு விஷயம். இந்தக் கம்பி போதவில்லை. இதைவிட நீளமாக ஒன்று அனுப்பு. அழுத்தி அழுத்திக் கடைசியில் நான் பாசியில் மூக்கை உரசிக்கொண்டு கிடக்கிறேன். மியுசெனா மேட்டின் ஓரத்தில் நின்று சிரிக்கிறாள். "என்னங்க, தரைக்கு முத்தம் குடுக்குறீங்களா? இங்க ஒருத்தி உங்களக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன், கண்ணுக்குத் தெரியலையா?" என்கிறாள். இந்த மானமாவது எனக்கு மிஞ்ச வேண்டாமா?

உன் மகள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது, நம் வழக்கப்படி மேட்டில் தரைமேல் வைத்த சவப்பெட்டியைத் தொடக் கூடாது, பலகை பெயர்ந்தாலும் ஆணி அடிக்கக் கூடாது. போகிற வழியில் நின்று கொஞ்சம் தேநீர் ஊற்றிவிட்டு வருவேன். நீ ஊரைவிட்டுப் போய் ஐந்து வருடம் ஆகிறது. ஒரு தடவையாவது வந்திருக்கலாம்.

யெதேய்


நாதிம்,
1999 அக்டோபர் 21

தம்பி யெதேய்க்கு,

அட்டவணை வந்தது. கையெழுத்து பரவாயில்லை. ஓரங்களில் நரியைக் கண்டேன், வாத்துக் கூட்டத்தைக் கண்டேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அதையெல்லாம் மியுசெனாவிடம் சொல். கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும். இங்கே நான்கு பேர் படிக்கிறார்கள், நான்கு பேரும் சிரிக்கிறார்கள். அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவள் நான் என்பதை மறந்துவிடாதே.

கம்பியை மாற்ற முடியாது. பதினொரு வருடமாக அதே கம்பிதான் அந்த மேட்டில் இறங்குகிறது. ஆள் மாறலாம், கம்பி மாறக் கூடாது. மாறினால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது, இத்தனை வருட உழைப்பும் வீண். முதுகு வலித்தால் உன் மனைவியைத் தேய்த்துவிடச் சொல்.

மகளைப் பற்றி எழுதாதே என்று முன்பே சொல்லியிருக்கிறேன். எண்பத்தேழாவது குச்சிக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் பார்த்தது நான்தான். அப்போது அங்கே நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்தான் உருகும். மேட்டிலேயே அதுதான் குறைவு. அடியில் பனி உருகினால் மேடு தண்ணீரில் அமிழ்ந்துவிடும், அதனால்தான் அங்கே வைக்கச் சொன்னேன். இப்போது நூற்றிருபது என்று எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன். அடுத்த வருடம் என்ன வருகிறது என்று பார்ப்போம்.

சவானே


பெதாரா-யாகா,
2000 செப்டம்பர் 14

அக்காவுக்கு,

அட்டவணை இத்துடன். நீ சொன்னபடி எண் மட்டும்.

ஊரில் ஒரே பேச்சாக இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் ரோடு போடுகிறவர்கள் பெரிய டிராக்டர்களோடு இந்தப் பக்கம் வருகிறார்கள். நாம் சரி என்றால், மேட்டில் இருக்கும் இருபத்திமூன்று பெட்டிகளையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணல் குன்றுக்குக் கொண்டுபோய் வைத்துத் தருகிறார்களாம். அடுத்த வருடம் அவர்கள் வேறு எங்கோ போய்விடுவார்கள். இந்த ஒரு குளிர்காலம்தான்.

கூட்டத்தில் லாப்தாந்தர் கிழவர் எழுந்து, "வெச்ச எடத்துலேர்ந்து எடுத்தா, எடுத்தவன் வீட்டுலேர்ந்து ஒருத்தரச் செத்தவங்க கூட்டிக்கிட்டுத்தான் போவாங்க. எனக்கென்ன, நான் போறதுக்கு ரெடியாத்தான் இருக்கேன். நீங்க யார அனுப்புறீங்க?" என்று கேட்டார். பிறகு யாரோ, "அப்ப தண்ணிக்குள்ள போனா மட்டும் சும்மா இருப்பாங்களா?" என்றார்கள். கடைசியில், மேடு நிற்குமா நிற்காதா என்று உன் ஆபீஸிடம் கேட்பது, அவர்கள் சொல்கிறபடி செய்வது என்று முடிவானது. அந்தக் கடிதம் உன் மேசைக்குத்தான் வரும்.

எடுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் பயமாக இருக்கிறது. நீ தாய். நீயே சொல்.

யெதேய்


நாதிம்,
2000 நவம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மியுசெனாவுக்கும் படித்துக் காட்டு. எண்களைத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தேன். மகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்பது குச்சிகளிலும் ஒரே மாதிரி இருக்கிறது. தொண்ணூற்றெட்டில் நூற்றிருபது, போன வருடம் நூற்றிருபது, இந்த வருடமும் நூற்றிருபது. அதற்கு முன்னால் ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே வந்த கோடு, அங்கே வந்து படுத்துவிட்டது. நின்றுவிட்டது யெதேய். உருகியது போதும் என்று மேடு நின்றுவிட்டது.

பெட்டிகளை எடுக்கத் தேவையில்லை என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன். மேலதிகாரி, "நீங்க அந்த ஊர்க்காரங்க. ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டார்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. ஊரின் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. டிராக்டரில் சங்கிலி போட்டு அவளை இழுப்பதுபோலவே கண்ணுக்குள் நின்றது. உயிரோடு இருந்தபோது காய்ச்சலில் ஒன்பது நாள் ஆள் மாற்றி ஆள் அவளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். இனி அவளை யாரும் தொட வேண்டாம். நேற்று கடைக்குப் போய் எனக்காக ஒரு கம்பளித் துண்டு எடுத்தேன், சிவப்பு நிறம். ஏழு வருடத்தில் முதல் தடவை.

சவானே


பெதாரா-யாகா,
2002 ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

போன வருடம் கடிதம் இல்லாமல் அட்டவணை மட்டும் அனுப்பினேன். நீ நான்கு கடிதம் போட்டாய். ஒன்றுக்கும் பதில் எழுத என்னால் முடியவில்லை. இதையும் நான்காவது தடவையாக எழுதுகிறேன்.

கம்பி பழைய கம்பி இல்லை. தொண்ணூற்றெட்டு வசந்தத்தில் சரக்கு ஏற்றிய பனிவண்டி ஆற்றோரத்தில் மாட்டிக்கொண்டது. கைக்கு அகப்பட்டது அதுதான். அதை நெம்புகோலாக வைத்து நெம்பினேன். நுனியில் முப்பது சென்டிமீட்டர் முறிந்து ஆற்றில் போய்விட்டது. மிச்சத்தை ராவிக் கூராக்கி, புதிய நுனியிலிருந்து அளவுக்கோடு கிழித்துக்கொண்டேன். நூற்றைம்பது நீளம் இருந்தது இப்போது நூற்றிருபதுதான். உன்னிடம் சொல்லப் பயம். அதனால்தான் நீளமாக ஒன்று கேட்டேன், விளையாட்டாகச் சொல்வதுபோல. ஆள் மாறலாம் கம்பி மாறக் கூடாது என்று நீ எழுதினாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

அந்த ஒன்பது குச்சிகளிலும் கம்பி பிடிவரைக்கும் உள்ளே போய்விடும். பனி தட்டவே தட்டாது. கம்பி எவ்வளவோ அதை எழுதினேன்.

கோடு படுத்துவிட்டது என்று உன் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. டிராக்டர்கள் அப்போது இங்கேதான் நின்றன. மார்ச் வரை நின்றன. நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதத்தில் நீ சிவப்புத் துண்டு வாங்கினதாக எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு மியுசெனா அழுதாள், "அண்ணிக்கு இப்பத்தான் உசுரு வந்திருக்கு" என்றாள். என்னால் முடியவில்லை. இந்த வருடம் சொல்லலாம், அடுத்த வருடம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நான் செய்தது அதுதான். இதற்கு வேறு பெயர் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது மறைக்க ஒன்றுமில்லை. மேடு நடுவில் வெடித்துவிட்டது. தெற்கு ஓரம் முழுக்கத் தண்ணீர். பதினோரு பெட்டிகள் போய்விட்டன. எண்பத்தேழாவது குச்சி சாய்ந்து நிற்கிறது. அவளுடைய பெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆறு அடி.

யெதேய்


நாதிம்,
2002 செப்டம்பர் 12

யெதேய்,

உன்னைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதினேன். உன்னை, உன் அப்பனை, உன் பனிவண்டியை என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு, உன் அப்பன்தான் எனக்கும் அப்பன் என்று ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பாசியில் மூக்கு உரசுகிறது என்று எழுதியிருக்கிறாய். நூற்றைம்பது நீளக் கம்பியில் நூற்றிருபது இறங்கினால் மூக்கு எப்படிப் பாசியைத் தொடும்? ஆறு வருடம் அதே கம்பியை அழுத்தியவளுக்கு அது தெரிய வேண்டாமா? ஒன்பது குச்சியில் மூன்று வருடம் ஒரே எண் வருமா? புதிதாக வேலைக்கு வந்த பெண்கூடச் சந்தேகப்பட்டிருப்பாள். நான் சந்தேகப்படவில்லை. எனக்கு அந்த எண் பிடித்திருந்தது.

பன்னிரண்டு குடும்பம் என் கையெழுத்தை நம்பி இருந்துவிட்டது. அவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. ரோடு போட்டவர்கள் இப்போது இருக்கும் இடம் இங்கிருந்து எண்ணூறு மைல். கேட்டுப் பார்த்தேன். சிரிக்காமல் பதில் சொன்னார்கள், அதுவரைக்கும் நல்லது.

நீ அவளை எடுத்துவிடு. தரை இறுகியதும் பனிவண்டியில் வைத்து மணல் குன்றுக்குக் கொண்டுபோய்விடு. யாரும் தொடக் கூடாது என்று சொன்னவள்தான் கேட்கிறேன். சின்னப் பெட்டிதானே. ஐந்து வயதுப் பிள்ளை.

சவானே


பெதாரா-யாகா,
2002 அக்டோபர் 24

அக்காவுக்கு,

நீ கேட்டது எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியும். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து மியுசெனா முழுகாமல் இருக்கிறாள். ஏப்ரலில் பிறக்கும். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அடுப்பில் கட்டை போட்டாள். பிறகு, "கிழவர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? எடுக்குறவன் வீட்டுலேர்ந்துதான் கூட்டிக்கிட்டுப் போவாங்க. நம்ம வீட்டுல யாரு இருக்கா, நீங்களே எண்ணிப் பாருங்க" என்றாள்.

நானும் எண்ணிப் பார்த்தேன்.

கூடவர யாரும் இல்லை. பெட்டி போன குடும்பங்கள் என்னோடு பேசுவதில்லை. கடையில் நான் நுழைந்தால் அவர்கள் வெளியே போகிறார்கள். பகலே இல்லாத மாதங்களில் ஒன்றும் செய்ய முடியாது. வெளிச்சம் வரட்டும். மார்ச்சில் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

யெதேய்


பெதாரா-யாகா,
2003 மார்ச் 27

அக்காவுக்கு,

போனேன். மியுசெனா முதல் நாளே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எந்த நாள் போகிறேன் என்று தனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள்.

இலையுதிர்காலத்திலேயே தண்ணீர் பெட்டிவரைக்கும் வந்திருக்கிறது. வந்து, அப்படியே உறைந்துவிட்டது. பெட்டியின் கீழ்ப்பாதி பனிக்குள் இருக்கிறது. சுற்றிலும் கடப்பாரையால் வெட்டினேன். கையை உணர முடியாத அளவுக்கு வெட்டினேன். அவளிடம் பேசிக்கொண்டேதான் வெட்டினேன், செத்தவர்களுக்கான வழக்கப்படி பெயரைச் சொல்லாமல். மாமாதான், பயப்படாதே என்று.

பிறகு ஒரு வெட்டில் பெட்டியின் பலகை பிளந்தது. சத்தம் கேட்டது. நான் உள்ளே பார்க்கவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டேன்.

இன்னும் வெட்டியிருந்தால் வந்திருக்குமா, உடைந்திருக்குமா என்று தெரியாது. மியுசெனாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்றும் நினைத்தேன். அதை மறைக்கப்போவதில்லை. நினைத்தேன்.

மே கடைசியில் பனி விடும். பார்க்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் வா.

யெதேய்


நாதிம்,
2003 ஏப்ரல் 30

யெதேய்,

மே பதினைந்தாம் தேதி ஹெலிகாப்டரில் வருகிறேன். அடுத்த நடையில் திரும்பிவிடுவேன்.

மகன் பிறந்ததாகத் தந்தி வந்தது. நல்லபடியாக இருக்கட்டும். நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன். செத்தவர்களுக்காக வருகிறவள் பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. மியுசெனா கூப்பிட்டாலும் வரமாட்டேன், அவள் மனதிலும் அது இருக்கும். கூடாரம் ஒன்று மேட்டில் போட்டுவை. ஊர்க்காரர்கள் யாராவது என்னைத் திட்ட வந்தால் தடுக்காதே.

சவானே


பெதாரா-யாகா,
2003 ஜூன் 13

அக்காவுக்கு,

நீ இரண்டு வாரம் உட்கார்ந்திருந்த பலகை அங்கேயே கிடக்கிறது. நாம் இரண்டு பேரும் பேசியது எல்லாம் சேர்த்துப் பத்து வார்த்தை இருக்குமா? உன்னைத் திட்ட யாராவது வரமாட்டார்களா என்று நீ ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். யாரும் வரவில்லை. எனக்கும் அது திட்டுவதைவிட மோசமாகத்தான் இருந்தது.

நீ போய்ப் பன்னிரண்டாவது நாள், இந்தப் பத்தாம் தேதி காலையில் பனி விட்டது. லாப்தாந்தர் கிழவரும் நானும் அங்கே இருந்தோம். அவருடைய மனைவியின் பெட்டி முந்தின வாரமே போய்விட்டது, ஆனாலும் தினமும் வருவார். உன் மகளுடைய பெட்டி மூழ்கும் என்றுதான் நினைத்தேன். மூழ்கவில்லை. மிதந்தது. காய்ந்த மரம்தானே.

என் கையில் படகுத் துடுப்பு இருந்தது. எட்டினால் எட்டும் தூரம்தான். ஒரு அடி எடுத்து வைத்தேன். கிழவர் என் தோளைப் பிடித்து, "விடுடா. அவ கெளம்பிட்டா. கெளம்புனவங்கள இழுக்கக் கூடாது" என்றார். நான் விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்து வருவதைப்போல இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். திரும்பிப் பார்க்கவில்லை.

யெதேய்


நாதிம்,
2003 ஜூலை 8

தம்பிக்கு,

அட்டவணையைத் திருத்திவிட்டேன். அந்த ஒன்பது குச்சிகளுக்கும் தொண்ணூற்றெட்டிலிருந்து இருந்த எண்களை அடித்து, தவறு யாருடையது என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். உன் பெயர் வேண்டாம், உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. இந்த மாதத்தோடு இந்த மேசை எனக்கு இல்லை. அது போகட்டும்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பெட்டி எந்தப் பக்கம் போனது? தண்ணீர் இப்போது ஏரி மாதிரி ஆகிவிட்டது, நானே பார்த்தேன். வடக்குக் கரையில் ஒதுங்கியிருக்குமா, கிழக்கே ஆற்றுப் பக்கமா? அங்கே போய் எடுத்துவா என்று சொல்லவில்லை. எடுக்க வேண்டாம். இங்கே என் அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது, ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று தெரிந்தால் போதும். ஒரு வார்த்தை எழுது.

சவானே


பெதாரா-யாகா,
2003 ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று ஹெலிகாப்டர் போய்விட்டது. தாமதத்துக்குக் காரணம் நான்தான்.

கிழவரைக் கேட்டேன், அவரும் பார்க்கவில்லை. காற்று அன்றைக்கு ஒரு பக்கமாக நிற்கவில்லை. தண்ணீரைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தேன். கரை எங்கே முடிகிறது, சேறு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, இரண்டாவது தடவை இடுப்புவரை இறங்கிவிட்டேன். ஒரு பலகைகூட அகப்படவில்லை.

வடக்குக் கரை என்று ஒரு தாளில் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். நீ நம்பியிருப்பாய். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். மியுசெனாகூட, "அனுப்பிடுங்க, பாவம் அவங்க" என்றாள். மூன்று நாள் அந்த உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன்.

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, அக்கா.

யெதேய்